மாதிரி எண் 17: செயல்பாடு இல்லை

ஜனவரி 9, 2024

பத்து மணி வரை பனி. எதிர் வீட்டு ஓடுகூடத் தெரியவில்லை. பதினோரு மணிக்குத் தபால் வந்தது. சேலத்துக் கல்லூரியின் உறை.

“மாதிரி எண் 17. பூஞ்சைக்கு எதிரான செயல்பாடு இல்லை. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.”

அவ்வளவுதான். அக்டோபரில், நான் வளர்த்த பாக்டீரியா உள்ள மூன்று சோதனைக் குழாய்களைப் பஞ்சில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து ஒன்றரை வரி. கீழே காயத்ரி என்று கையெழுத்து. துணைப் பேராசிரியராம்.

ஆர்வமாம்! முப்பத்தாறு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்து லேபில் அட்டெண்டராக இருந்தவன் நான். எத்தனை எம்.எஸ்ஸி. வாத்தியார்கள் வந்து போனார்கள்! அவர்களுக்கெல்லாம் குழாய் கழுவிக் கொடுத்தேன். கழுவும் முன் அதில் என்ன இருந்தது என்று ஒவ்வொரு முறையும் பார்த்தேன். அவர்கள் தூக்கிப்போட்ட புத்தகங்களை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். எட்டாவது ஃபெயில் என்பதால் கண் தெரியாது என்று நினைத்துவிட்டார்களா?

சாந்தாமேரி கடிதத்தைப் பார்த்துவிட்டு, “அப்ப இனிமே குக்கரு எனக்குத்தானுங்களே?” என்றாள். நாற்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் கேட்கிற முதல் கேள்வி இது.

ஜனவரி 10

செயல்பாடு இல்லை. யாருக்கு? எனக்கா, அதற்கா?

ஜனவரி 14

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

2012. ஏற்காடு, வாழவந்தி எஸ்டேட் நர்சரியில் காப்பி நாற்றுகள் பாதிக்கு மேல் அழுகி விழுந்தன. விதைத் தோலைத் தொப்பி மாதிரி தலையில் சுமந்துகொண்டு நிற்கிற சின்ன நாற்றுகள். மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு கறுத்து, மறுநாள் காலை படுத்துவிடும். பூஞ்சையின் வேலை. ஆனால் ஒரு மூலையில் இருந்த நான்கு பாத்தியில் மட்டும் ஒரு நாற்றுக்கூட விழவில்லை. அந்தப் பாத்தி மண்ணில் ஒரு பிடி வாங்கி வந்தேன். நர்சரியில் வேலை செய்த காவேரி என்ற பெண் எடுத்துக் கொடுத்தாள்.

பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட விளிம்பு உடைந்த கண்ணாடித் தட்டுகள். கெட்டியாக்க, கடையில் வாங்கிய கடற்பாசி. வேறு கிருமி சாக, சாந்தாமேரியின் குக்கரில் இருபது நிமிஷம் ஆவி. அந்த மண்ணைக் கரைத்து ஊற்றினேன். ஐந்தாம் நாள், சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். முகர்ந்தால் முதல் மழை மண்ணின் வாசம். நமக்குத் தெரிந்த அந்த வாசமே இந்த பாக்டீரியா விடுவதுதான் என்று அப்புறம் படித்தேன்.

தட்டின் நடுவில் அழுகிய தண்டிலிருந்து எடுத்த பூஞ்சையை வைத்தேன். நாலா பக்கமும் ஓடியது. வெள்ளைப் புள்ளிக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றுவிட்டது. கோடு கிழித்ததுபோல. அதைத் தாண்டி ஓர் இழைகூட வரவில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர், தானே மருந்து செய்து, மண்ணில் வேலி போடுகிறது. அதைக் கண்டுபிடித்தவன் நான். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நானாகக் கண்டுபிடித்த ஒன்று. அதற்குச் செயல்பாடு இல்லையாம்.

ஜனவரி 19

கல்லூரிக்கு ஃபோன் செய்தேன். நான்காவது முறை, கையெழுத்துப் போட்ட காயத்ரி அம்மாவே எடுத்தார்.

“மேடம், எந்த ஊடகத்துல வளத்துனீங்க?” என்று கேட்டேன். கிருமிக்குப் போடுகிற சாப்பாட்டுக்குப் புத்தகத்தில் அந்தப் பெயர்; என் வாயில் அதை அவர் எதிர்பார்க்கவில்லை.

வழக்கமான சத்து ஊடகமாம். சர்க்கரை, புரதம், ஈஸ்ட் சாறு எல்லாம் போட்டது.

“அங்கதான் தப்பு. விருந்து போட்டு உக்கார வெச்சா எவனுங்க சண்டைக்கிப் போவான்? பட்டினி போடுங்க. அப்பத்தான் அது மருந்து செய்யும்.”

“அது எங்களுக்கும் தெரியுங்க ஐயா. மெல்லிசான ஊடகத்துலயும் போட்டுப் பாத்தோம்.”

“சரியாப் போட்டிருக்க மாட்டீங்க.”

“ஐயா, அன்னிக்கு நானே என் கையால போட்டதுங்க.”

கையாம்! எனக்குக் கை இல்லையா?

இதை விளங்கிக்கொள்ள டாக்டர் பட்டம் தேவையில்லை. மண்ணில் அது நூல் நூலாகப் படரும். சாப்பாடு இருக்கும்வரை படர்வது ஒன்றுதான் வேலை. சாப்பாடு தீர்ந்தால் பழைய நூலையெல்லாம் தானே உடைத்துக் கரைத்து, அந்தச் சத்தை வைத்து வித்துகளை வளர்க்கும். தன் உடம்பையே தன் பிள்ளைகளுக்குச் சாப்பாடாகப் போடுகிற நேரம் அது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவனெல்லாம் வாசனை பிடித்து வருவான். அப்போது செய்கிறதுதான் ஆண்டிபயாடிக் என்று புத்தகத்தில் இருக்கிறது. வேறு காரணங்களும் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

பிப்ரவரி 2

கோயில் திருவிழாக் கடைக்கு ஜெபமாலை கோக்கிறார்கள். சாந்தாமேரி, அடுத்த வீட்டு ஈவ்லின், ஈவ்லினின் மருமகள் மூவரும் வரிசையாக உட்கார்ந்து. நான் பேப்பர் படிப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூல் கீழே படவே இல்லை. ஒருத்தி மணியைக் கோத்து அடுத்தவளிடம் நீட்டுகிறாள். அவள் தன் மணியைக் கோத்து அடுத்தவளிடம். கடைசியில் இருப்பவள் முடிச்சுப் போட்டு நறுக்குகிறாள். மாலை வளையமாகி மடியில் விழுகிறது.

பாக்டீரியாவுக்குள் நடப்பதும் இதேதான்! ஆறு மாதமாக அந்தப் பக்கத்தைப் படித்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பெரிய பெரிய நொதிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு கார்பன் உள்ள ஒரு துண்டைச் சேர்த்து, சங்கிலியை விடாமல் அடுத்ததற்கு மாற்றுகிறது. எத்தனை கையோ அத்தனை மணி. கடைசி நொதி சங்கிலியை அறுத்து, முனையோடு முனையை முடிந்து வளையமாக்குகிறது. பிறகு வேறு நொதிகள் வந்து ஓரத்தில் ஒரு சர்க்கரையை ஒட்டும், இங்கே அங்கே செதுக்கும். கூடவே அதை வெளியே இறைத்துத் தள்ள வாசலும், தன்னைக் காத்துக்கொள்ள வழியும் செய்துகொள்ளும். இந்த வரிசை முழுவதும் அதன் மரபணு நூலில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. நடுவில் ஒரு கை எழுந்து போனாலும் மாலை இல்லை.

இதைச் சாந்தாமேரியிடம் சொன்னேன். ஈவ்லின் சிரித்தாள். “ஏனுங்கண்ணா, அப்ப எங்களப் பாத்தா கிருமியாட்டம் இருக்குதுங்களா?”

படித்தவர்களும் கேட்பதில்லை. படிக்காதவர்களும் கேட்பதில்லை.

பிப்ரவரி 5

ஒண்டிக்கடை முக்கில் டீக்கடை பழனிசாமி கூட்டத்துக்கு நடுவில் கத்தினான்: “வழி உடுங்கப்பா, கிருமி டாக்டரு வர்றாரு, ஒட்டிக்கப் போவுது!” டீயை வாங்காமல் வந்துவிட்டேன். வந்த பிறகுதான் டீ குடிக்காமல் தலைவலி.

பிப்ரவரி 14

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தால் காயத்ரி அம்மாவின் ஃபோன். நான் எழுதிய ஐந்து கடிதமும் முதல்வர் மேசைக்குப் போய்விட்டதாம். போகட்டும் என்றுதானே எழுதினேன்!

முடிவு இது. மார்ச் 6ஆம் தேதி துறைக் கூட்டம். நானே என் கையால் தட்டுகளைத் தயார் செய்து கொண்டுபோக வேண்டும். எல்லார் முன்னாலும் திறக்க வேண்டும். பூஞ்சை நின்றிருந்தால் கல்லூரியின் நுண்ணுயிர்ச் சேமிப்பில் என் பெயரோடு வைப்பார்கள். நிற்கவில்லை என்றால் என் மூன்று குழாய்களையும் ஆவியில் போட்டு அழித்துவிடுவார்கள். அது விதியாம்.

“சம்மதம்” என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது?

இன்றிலிருந்து பாக்டீரியாவுக்கும் தவக்காலம். வெல்லம் கிடையாது. மண்ணைக் கொதிக்க வைத்து வடித்த தண்ணீரும் கடற்பாசியும் மட்டும்.

சாந்தாமேரி: “அதப் பட்டினி போட்டுட்டு நீங்க மூணு வேளையும் சாப்புடுறீங்களே, இது எந்த ஊரு தவசுங்க?”

பிறகு குக்கரைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “முந்தியெல்லாம் இது நொம்ப வாசமா இருக்கும். மழ பேஞ்ச மாதிரி. இப்பக் காணமே.”

“உனக்குச் சளி” என்றேன். எழுபது வயதில் மூக்கு என்ன வேலை செய்யும்?

பிப்ரவரி 27

தட்டுகளில் நன்றாக வந்திருக்கிறது. பளபளவென்று, வழவழவென்று, ஒரே சீராக. பழைய சுண்ணாம்புப் பொடி இல்லை, பார்க்கவே ஆரோக்கியமாக இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் வளர்த்த கைக்கு இதுகூட வராதா?

மார்ச் 1

நான்கு தட்டு. நடுவில் பூஞ்சையை வைத்து, டேப் ஒட்டி, செய்தித்தாளில் சுற்றிவிட்டேன். அவர்கள் முன்னால்தான் திறப்பேன். நடுவில் பிரித்துப் பார்ப்பதென்றால் சந்தேகப்படுவதாக அர்த்தம்.

மார்ச் 6

டிபன் கேரியரில் தட்டுக்கு ஓர் அடுக்கு. இருபது கொண்டை ஊசி வளைவும் கேரியரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். உட்கார இடம் கொடுத்தார்கள். உட்காரவில்லை. ஆடும்.

பெரிய மேசை. ஏழு பேர். நானே செய்தித்தாளைப் பிரித்தேன்.

நான்கிலும் பூஞ்சை ஓரம்வரை போயிருந்தது. கோடு இல்லை. இடைவெளி இல்லை. என் பாக்டீரியாவின் மேலேயே ஏறி, பழுப்புக் கம்பளி மாதிரி மூடியிருந்தது. மேலேயே ஏறி!

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. துறைத் தலைவர் என் தோளில் கை வைத்தார். “பரவால்லைங்க பெரியவரே. இந்த வயசுல இப்பிடி ஒரு பொழுதுபோக்கு இருக்கறதே பெரிய விஷயம்.”

பொழுதுபோக்கு. கையைத் தட்டிவிட்டேன்.

காயத்ரி தண்ணீர் கொடுத்தார். வாங்கவில்லை. வாசல்வரை கூடவே வந்து, “குழாய அழிக்கறதுக்கு முன்னால சொல்றேங்க ஐயா” என்றார். “எனக்கென்னத்துக்குச் சொல்றீங்க? செய்ங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 7

ஒன்றும் இல்லை.

மார்ச் 11

வெயில்தான். சேலத்தில் அன்றைக்கு அவ்வளவு சூடு. பஸ்ஸில் இன்ஜின் பக்கம் நின்றது தப்பு. அல்லது குக்கரின் கேஸ்கட். ஓரத்தில் ஆவி போகிறது என்று போன மாதமே சொன்னேன், புதுசு வாங்கினாளா? அல்லது அந்தக் கல்லூரி வாசலில் என் கேரியரை வாங்கிச் சோதித்தானே வாட்ச்மேன், அவன் குலுக்கினான். குலுக்கினான், நான் பார்த்தேன்.

சாந்தாமேரி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “வாட்ச்மேனு குலுக்குனா பூஞ்சைக்கி மட்டும் ஒண்ணும் ஆவுலீங்களாக்கும்?” என்றாள்.

வாட்ச்மேன் மேல் புகார் எழுதப் பேப்பர் எடுத்தேன்.

மார்ச் 15

வாட்ச்மேன் மேல் எழுதிய புகாரோடு ஆதாரம் சேர்க்க 2012லிருந்து உள்ள நோட்டுகளை எடுத்தேன். ஒன்பது நோட்டு. காலையிலிருந்து படித்தேன். இப்போது மாலை.

ஜூலை 2012: பூஞ்சை நின்றது. இடைவெளி 15 மி.மீ.

மார்ச் 2013: “இன்று முதல் கொஞ்சம் வெல்லம் சேர்க்கிறேன். பாவம், மெலிவாகத் தெரிகிறது.”

பிப்ரவரி 2014: பூஞ்சைச் சோதனை. இடைவெளி 9 மி.மீ. “வெயில் காரணம்” என்று எழுதியிருக்கிறேன். பிப்ரவரியில் ஏற்காட்டில் வெயில்!

அதற்குப் பிறகு சோதனையே இல்லை. பத்து வருஷம். ஒருமுறைகூட இல்லை. ஒவ்வொரு மாதமும் புதுக் குழாய்க்கு மாற்றினேன். தேதி போட்டேன். வெல்லம் போட்டேன். நூற்று இருபது முறை.

ஆகஸ்ட் 2016: “வெள்ளைப் பொடி நின்றுவிட்டது. அழகாகப் பளபளக்கிறது. நல்ல சத்து.”

நல்ல சத்து!

எனக்குத் தெரியாதா? தெரியும். புத்தகத்தில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். இந்த வகை பாக்டீரியாவின் மரபணு நூல் இரண்டு முனையும் திறந்த நூல். சுகமாகச் சாப்பிட்டுக்கொண்டு, எதிரி இல்லாமல், தலைமுறை தலைமுறையாக இருந்தால் முனை உதிர்ந்துகொண்டே வரும். பெரும்பாலும் மருந்து செய்கிற கைகளெல்லாம் அந்த முனைப் பக்கம்தான். மருந்து செய்யாதது வேகமாக வளரும். வேகமாக வளர்வதைத்தான் நான் ஊசியால் தொட்டெடுத்து அடுத்த குழாயில் வைத்தேன். பொடியும் போனது, வாசமும் போனது, வேலியும் போனது. படித்தேன், அடிக்கோடு போட்டேன், அடுத்தவன் பாக்டீரியாவைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

விருந்து வைத்தால் எவன் சண்டைக்குப் போவான் என்று அந்தப் பெண்ணிடம் ஃபோனில் கத்தினேனே – விருந்து வைத்தது யார்? நாற்பது நாள் தவக்காலத்தில் பத்து வருஷக் கொழுப்பு போய்விடுமா?

குற்றம் சொல்ல ஆள் தேடித்தான் நோட்டை எடுத்தேன். ஒன்பது நோட்டிலும் என் கையெழுத்துதான் இருக்கிறது.

சாந்தாமேரிக்குச் சளி இல்லை.

மார்ச் 18

மறுபடி முதலிலிருந்து. வாழவந்தி பஸ் ஏறினேன். நர்சரி அப்படியே இருக்கிறது. காவேரி இப்போது அங்கே மேஸ்திரி. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகும் என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள்.

“வாங்கண்ணா. எங்க மண்ணு பரிச்ச பாஸாயிருச்சுங்களா?”

விஷயத்தைச் சொன்னேன். அதே மண் ஒரு பிடி வேண்டும் என்றேன். நாற்றுப் பைக்கு மண் நிரப்பிக்கொண்டே கேட்டாள்.

“அன்னிக்கி நான் குடுத்தனுப்புனனே, அந்தப் பொட்டலத்து மேல என்ன எழுதுனீங்க?”

“வாழவந்தி நர்சரி மண்.”

“நானு நர்சரியாங்க?”

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

“அந்த நாலு பாத்தி எதுக்கு விழாம நின்னுச்சுன்னு கேட்டீங்களா? அது நர்சரி மண்ணே கெடையாதுங்க. நாந்தான் மேக்கால இருந்து கூடையில சொமந்தாந்து கலந்தேன். எல்லாப் பாத்திக்கும் கலக்கலாம்னு சொன்னதுக்கு அப்ப கணக்கு எழுதிட்டிருந்த ரைட்டரு என்னயத் திட்டுனாரு. நீங்க வந்தீங்க, ஒரு பிடி வாங்குனீங்க, போனீங்க. இப்ப கண்டுபிடிச்சவரு நீங்களாம். காலேஜுல பேரு போடோணுமாம். எம் பேரு எங்கங்க இருக்குது?”

பின்னால் இரண்டு பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. “மண்ணு ஆண்டவரு குடுத்தது. தட்டுல போட்டு வளத்துனது நானு. கூடை தூக்குனவங்க எல்லாரும் பேரு கேட்டா எப்பிடி?” என்று சொல்லிவிட்டேன்.

“அப்ப ஆண்டவரயே கேட்டு வாங்கிக்குங்க” என்று குனிந்து வேலையைப் பார்த்தாள்.

வெறுங்கையோடு வந்தேன். என்ன திமிர்! கூடை தூக்கினவளுக்கு இவ்வளவு என்றால் –

மார்ச் 19

சாந்தாமேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏதாவது சொல்வாள் என்றுதான் சொன்னேன்.

அவள் காப்பியை ஆற்றினாள். “அந்தப் பொம்பள பேசுனது, நீங்க காலேஜுக்கு எழுதுன லெட்டராட்டமே இருக்குதுங்க” என்றாள். “பாயிண்ட்டு மாறாம.”

மார்ச் 20

கடித நகல்களை எடுத்துப் பார்த்தேன். “கழுவிக் கொடுத்தவனுக்குப் பெயர் இல்லையா?” என்று மூன்றாவது கடிதத்தில் எழுதியிருக்கிறேன். சிவப்பு மையில்.

மார்ச் 24

குருத்தோலை ஞாயிறு. பிரசங்கம் காதில் ஏறவில்லை.

மன்னிப்பு கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரிடமே கேட்டதில்லை. கேட்கவும் போவதில்லை. ஆனால் பதிவு தவறாக இருந்தால் திருத்த வேண்டும். அது வேறு.

மார்ச் 26

மழை இன்னும் இல்லை. வாழவந்தி. 2012 நோட்டைக் கையோடு கொண்டுபோனேன்.

காவேரி நிமிராமல் பைக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். நர்சரி ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, “சொல்லும்மா, எழுதறேன்” என்றேன்.

“என்னத்தங்க?”

“மண்ணு எங்க எடுத்த, எப்பிடி எடுத்த, எல்லாம்.”

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றாள். நான் எழுத ஆரம்பித்ததும், “பென்சிலு வேண்டாங்க. பேனாவுல எழுதுங்க” என்றாள்.

எழுதினேன். மேற்குச் சரிவில் தனியாக நிற்கிற சில்வர் ஓக் மரத்தின் கீழ். மாட்டெரு விழாத இடம், உரம் போடாத இடம், மயில்துத்த மருந்து தெளிக்காத இடம். மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு ஒரு சாண் ஆழத்தில். காப்பி பூக்க வைக்கிற முதல் மழைக்கு முன்னால், நிலம் காய்ந்து கிடக்கும்போது.

“மழைக்கி முந்தி எதுக்கு?” என்றேன்.

“அப்பத்தானுங்க அது காஞ்சு கெடக்கும். எங்க அத்தாயி அதப் பட்டினி மண்ணும்பாங்க. வயிறு நெறஞ்ச மண்ணுல நாத்து நல்லா வரும், ஆனா விழுந்துரும். பட்டினி மண்ணு ஒரு கூட கலந்தா நிக்கும். ஏன்னு எனக்குத் தெரியாது. நிக்கும்.”

நான் புத்தகம் புத்தகமாகப் படித்துத் தெரிந்துகொண்டது. இந்த அம்மாளின் மாமியார் ஒரே வார்த்தையில் சொல்லி வைத்திருக்கிறாள். அதையும் கேட்காமல் ஒரு பிடி மண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால்.

எழுதியதைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். பெயருக்கு முன்னால் எழுத்து போடச் சொன்னாள். வே. காவேரி. புருஷன் வேடியப்பன். பிறகு தானே கூடையை எடுத்துக்கொண்டு மேற்கே நடந்தாள். நானும் போனேன். மேடு. மூச்சு வாங்கியது. அவள் திரும்பிப் பார்க்காமல் நின்று நின்று போனாள்.

ஏப்ரல் 12

காலையில் தட்டுகளைத் திறந்து ஜன்னல் ஓரம் எண்ணிக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புப் புள்ளி மட்டும் நாற்பத்தொன்று. சாந்தாமேரி அடுப்படியிலிருந்து கொல்லைக்கு ஓடினாள். கொடியில் கிடந்த துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

“மழ வந்துருச்சுன்னு நெனச்சேன்…”

வெளியே பளிச்சென்று வெயில்.

அவள் என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். துணிகளை நாற்காலியில் போட்டுவிட்டு, கிட்டே வந்து முகர்ந்தாள். நான் அடுத்த தட்டையும் நீட்டினேன்.

ஏப்ரல் 24

நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு ஒன்றும் செய்யவில்லை. மூன்றுக்கு முன்னால் பூஞ்சை நின்றது. ஒன்றுக்கு 14 மி.மீ. ஸ்கேலை மூன்று முறை வைத்துப் பார்த்தேன். சாந்தாமேரியையும் ஸ்கேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவளுக்கும் பதினாலுதான்.

இந்த முறை வெல்லம் ஒரு துளி இல்லை. வித்துகளைக் காய்ந்த மண்ணில் கலந்து சின்னப் பாட்டிலில் அடைத்து வைத்துவிட்டேன். தூங்கட்டும். மாதாமாதம் தொட்டு எழுப்புகிற வேலை இனி கிடையாது.

மே 2

பாட்டிலைக் கல்லூரியில் கொடுத்துவிட்டு வந்தேன். காயத்ரி வாங்கிக்கொண்டார். பழைய குழாய்களை இன்னும் அழிக்கவில்லையாம். “அழிச்சிருங்க” என்றேன். “ஏங்க ஐயா?” என்றார். காரணத்தைச் சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். ஆனால் முழுவதும் சொன்னேன். தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

ஜூன் 14

காயத்ரி ஃபோன்.

“ஐயா, சத்து ஊடகத்துல சுத்தமா ஒண்ணுமில்லீங்க. மெல்லிசுல போட்டா பூஞ்சை நிக்குது. பதிமூணு மில்லிமீட்டர். ரெண்டு தடவ பாத்துட்டேன்.”

“பதினாலு.”

“எங்க ஸ்கேல்ல பதிமூணுங்க ஐயா.”

“ஸ்கேல மாத்துங்க.”

அவர் சிரித்தார். பிறகு, இது 2012இல் எடுத்த அதே வகைதானா, அதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பழையதில் சரிபார்க்க ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை நான்.

“தெரியாது கண்ணு” என்றேன். “மண்ணு அதே மண்ணு. எடுத்தவளும் அதே ஆளு. அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

அந்த மருந்து ஏற்கெனவே உலகத்துக்குத் தெரிந்ததாகவும் இருக்கலாம், மணி எத்தனை, சர்க்கரை எது என்றெல்லாம் பார்க்க வருஷக்கணக்காகும் என்றார். ஆகட்டும். தெரிந்ததாக இருந்தாலும் இங்கே செய்தது இது.

ஜூலை 3

மூன்று நாளாக மழை. கல்லூரியிலிருந்து படிவம் வந்திருக்கிறது. சேமிப்பில் வைப்பதற்கானது.

இதை அச்சடித்தவனுக்கு அறிவு கொஞ்சம் இருந்திருக்கலாம். “சேகரித்தவர்” என்று ஒரே ஒரு கட்டம். அதுவும் விரல் அகலம். இரண்டு பேர் எடுத்தால் எங்கே எழுதுவது? இதைப் பற்றி முதல்வருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

காலையிலிருந்து அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதினேன். வே. காவேரி, நர்சரி மேஸ்திரி, வாழவந்தி.

கீழே, “முந்தைய வளர்ப்பு பற்றிய குறிப்பு, ஏதேனும் இருப்பின்” என்று நான்கு கோடு விட்டிருக்கிறார்கள். அதில்:

“2012 ஜூலையில் இதே மண்ணிலிருந்து எடுத்த முதல் வளர்ப்பு, மாதந்தோறும் வெல்லம் கொடுத்ததால் மருந்து செய்யும் தன்மையை இழந்தது. கெடுத்தவர்: ச. தேவசிகாமணி, ஓய்வு பெற்ற லேப் அட்டெண்டர், ஏற்காடு.”

சாந்தாமேரி கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து படித்தாள். “எப்பிடியோ உங்க பேரும் ஏறிருச்சுங்களே” என்றாள்.

பேனாவில்தான் எழுதினேன்.